மண் பாதைக்குத் தயாராகும் குடும்ப வண்டி: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

வெள்ளிக்கிழமை இரவில் பெங்களூரிலிருந்து தும்கூர் சாலை வழியே வெளியேற முயன்றவர்களுக்கு நெலமங்கலா வரையிலான நெரிசலைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. பின்னிருக்கையில் பாட்டியும் குழந்தைகளும், டிக்கியில் பைகளும் சாப்பாட்டுக் கூடையுமாகச் சக்லேஷ்பூருக்கும் சிக்கமகளூருக்கும் மடிகேரிக்கும் கிளம்பிய குடும்ப வண்டிகள் அந்த வரிசையில் நிறைய இருக்கும். சக்லேஷ்பூர் வரையிலான ஏறத்தாழ 220 கிலோமீட்டரும் நெடுஞ்சாலைதான். தொல்லை தொடங்குவது அதன் பிறகு. காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் தங்குமில்லத்திற்குச் செல்லும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை, முந்தைய நாள் மழையில் ஊறி, நடுவே புல் மேடும் இருபுறமும் ஆழ்ந்த சக்கரத் தடங்களுமாகக் கிடக்கும். விளம்பரத்தில் மலை உச்சியில் நின்ற அதே வண்டி, இங்கே ஒரு சிறு ஏற்றத்தில் நின்றபடி சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு முறை சிக்கித் தோட்டத்து டிராக்டரால் இழுக்கப்பட்டவர்களில் பலர், ஊர் திரும்பியதும் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளை நோக்கிச் செல்கிறார்கள். பெரிய டயர், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், முன்புறத்தில் இரும்புத் தடுப்பு, கூரையின்மேல் விளக்கு வரிசை என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் சேர்த்தால் இரண்டு லட்சம் ரூபாயைத் தொடுவது எளிது. அதற்குத் தனிநபர் கடன் கிடைக்குமா என்று கேட்பவர்களும் உண்டு.

கடன் கிடைக்குமா என்பதைவிட, அந்தப் பணம் வேலை செய்யுமா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. எந்த மாற்றம் அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டரைக் கடக்க உதவும், எது பதிவுச் சான்றிதழையும் காப்பீட்டையும் கடன் ஒப்பந்தத்தையும் சிக்கலில் மாட்டும் என்று தனித்தனியே பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். சிக்கலில் மாட்டும் மாற்றங்கள் பெரும்பாலும் அதிகம் பயன்படாதவை. நன்றாகப் பயன்படுபவை சட்டத்திற்கு உட்பட்டவை, செலவும் குறைந்தவை.

வண்டி ஏன் சிக்குகிறது?

மண் பாதையில் வண்டி நிற்பதற்கு இரண்டே காரணங்கள்தாம். ஒன்று, டயருக்குப் பிடி இல்லை. மற்றொன்று, வண்டியின் அடிப்பகுதி தரையைத் தொட்டுவிட்டது.

முதலாவதைப் புரிந்துகொள்ள டிஃபரன்ஷியல் என்னும் பாகத்தை அறிய வேண்டும். வண்டி திருப்பத்தில் செல்லும்போது வெளிச் சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிப்பது டிஃபரன்ஷியல். தார்ச்சாலையில் இது இன்றியமையாதது. ஆனால் ஒரு சக்கரம் சேற்றிலும் மற்றொன்று கெட்டித் தரையிலும் இருந்தால், எளிதாகச் சுழலக்கூடிய சேற்றுச் சக்கரம் வீணாகச் சுழலும். பிடியுள்ள சக்கரம் அசையாமல் நிற்கும். எஞ்சினில் எவ்வளவு சக்தி இருந்தாலும் பயனில்லை.

பெங்களூரின் அடுக்குமாடி வளாகங்களில் நிற்கும் எஸ்.யு.வி.க்களில் மிகப் பல, தோற்றத்தில் எவ்வளவு உயரமாக இருந்தாலும், முன்சக்கர இயக்கம் கொண்டவை. ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாயும். பின்னிருக்கையில் மூவரும் டிக்கியில் பைகளும் இருந்தால் இன்னும் சாயும். இழுக்க வேண்டிய முன்சக்கரங்களின் மேல் சுமை குறைந்து, பிடி தளர்ந்துவிடும். நான்கு சக்கரங்களுக்கும் சக்தி செல்லும் குடும்ப வண்டிகளிலும் வேறுபாடு உண்டு. 2014-இல் இந்தியாவில் அறிமுகமான ரெனோ டஸ்டர் நான்கு சக்கர இயக்க வகையை எடுத்துக்கொள்வோம். அதில் ஜீப்பில் உள்ளதுபோல் மெதுவேகத்துக்கான தனிக் கியர்த் தொகுதி இல்லை. அதை ஈடுசெய்ய முதல் கியரே மிகக் குறைந்த வேகத்துக்கு அமைக்கப்பட்டது. பின்சக்கரங்களுக்குச் சக்தியை அனுப்புவது ஒரு பல்தட்டுக் கிளட்ச். இவ்வகைக் கிளட்ச் நீண்ட நேரம் சேற்றில் உழன்றால் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தற்காலிகமாக விலகிவிடும். ஆகவே அரைமணி நேரம் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பது எந்த வண்டியிலும் தீர்வாகாது.

இரண்டாவது காரணமான தரை இடைவெளியைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. 2023 ஜூலையில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், அதிக வரிக்குரிய பயன்பாட்டு வண்டி எது என்பதை வரையறுத்தபோது, 170 மில்லிமீட்டர் தரை இடைவெளியைச் சுமை ஏற்றாத நிலையில் அளக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. வரிக்கு அது பொருந்தும். பயணத்துக்குப் பொருந்தாது. ஐந்து பேரும் பைகளும் ஏறிய பிறகு ஸ்பிரிங் அமுங்கி, கையேட்டில் அச்சிட்ட இடைவெளி குறைந்துவிடுகிறது. தோட்டப் பாதையின் நடுமேட்டில் வண்டி தட்டுகிறதென்றால், பெரியவர்களை இறக்கிவிட்டு ஐம்பது அடி நடக்கச் சொல்வதே மிக மலிவான லிஃப்ட் கிட். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் மலைப் பகுதி ஓட்டுநர்கள் வழக்கமாகச் செய்வது இதுதான்.

டயரில் தொடங்குங்கள்

நூறு ரூபாய் செலவிட வேண்டுமென்றால் அதில் எழுபதை டயருக்கு ஒதுக்கலாம் என்பது எங்கள் கருத்து. தரையைத் தொடுவது டயர் மட்டுமே. மற்றவை அனைத்தும் அதன் வழியேதான் செயல்படுகின்றன.

குடும்ப எஸ்.யு.வி.க்களில் தொழிற்சாலையிலிருந்து வருவது பெரும்பாலும் நெடுஞ்சாலை வகை டயர். இதன் பள்ளங்கள் நெருக்கமானவை. ஈரச் செம்மண் அவற்றில் அடைத்துக்கொண்டால் டயர் வழவழப்பான உருளையாகிவிடும். ஏ.டி. என்று வழங்கப்படும் எல்லாத் தரைக்குமான டயரில் பள்ளங்கள் அகன்றவை. சுழலும்போது மண்ணை உதறிவிடும். பக்கச்சுவரும் சற்றுத் தடிமனானது. மூன்றாவது வகையான எம்.டி. எனும் சேற்று டயர், வாரநாள்களில் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் வண்டிக்கு உகந்ததல்ல. தார்ச்சாலையில் பெரும் இரைச்சல் எழுப்பும். மழையில் நனைந்த தாரில் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். ஏ.டி. டயரிலும் சிறிது இரைச்சலும் சிறிது எரிபொருள் இழப்பும் உண்டு. அந்த அளவு விலையைக் கொடுக்கலாம்.

அளவில்தான் பலர் தவறுகிறார்கள். 215/65 ஆர்16 அளவுள்ள டயரின் விட்டம் ஏறத்தாழ 686 மில்லிமீட்டர். கடைக்காரர் சொன்னார் என்று 215/75 ஆர்16 பொருத்தினால் விட்டம் 729 மில்லிமீட்டராகும். அதாவது 6 விழுக்காட்டுக்கு மேல் அதிகம். தரை இடைவெளியில் கிடைப்பதோ அந்த வேறுபாட்டில் பாதி, 21 மில்லிமீட்டர் அளவே. ஆனால் வேகமானி 80 காட்டும்போது வண்டி 85-இல் ஓடும். பிரேக்குக்கும் கியர்பெட்டிக்கும் சுமை கூடும். முழுத் திருப்பத்தில் டயர் உட்புறப் பிளாஸ்டிக்கை உரசும். விட்டத்தில் 3 விழுக்காட்டுக்கு மேல் மாற்றம் கூடாது என்பது டயர்த் தொழிலில் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. அதைவிடப் பாதுகாப்பான வழி, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள தயாரிப்பாளரின் தாளில் காணும் அதே அளவிலேயே ஏ.டி. வகையை வாங்குவது. உங்கள் மாடலின் மேல்நிலை வகைக்குத் தயாரிப்பாளரே வேறு அளவைக் குறித்திருந்தால் அதையும் பரிசீலிக்கலாம். சுமைக் குறியீட்டு எண் பழைய டயரைவிடக் குறையக்கூடாது.

இன்னொன்று: நல்ல நிலையிலுள்ள டயரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை வாங்க வேண்டாம். எப்படியும் மாற்ற வேண்டிய காலம் வரும்போது ஏ.டி. வாங்கினால், கூடுதல் செலவு இரண்டு வகைகளுக்கும் உள்ள விலை வேறுபாடு மட்டுமே. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்குங்கள். காட்டுப் பாதையில் பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்டி மீள முடியாது.

இதைவிடவும் மலிவான ஒரு மாற்றம் உண்டு. அது காற்றைக் குறைப்பது. தார்ச்சாலையில் 33 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும் அழுத்தத்தை, மண் பாதை தொடங்கும் இடத்தில் 22 முதல் 24 வரை இறக்கினால் டயர் சற்றுத் தட்டையாகி, தரையைத் தொடும் பரப்பு நீளும். பிடி கூடும், கல்லின்மேல் ஏறும் அதிர்வும் குறையும். அந்த நிலையில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, திடீரென ஸ்டியரிங்கை ஒடிக்கக்கூடாது. மேலும் குறைத்தால் டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும் அபாயம் உண்டு. திரும்பத் தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றடிக்க வேண்டும் என்பதால், வண்டியின் 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் சிறு கம்ப்ரெசரும் நம்பகமான அழுத்தமானியும் உடன் இருக்க வேண்டும். இந்த இரண்டு பொருள்களும் கூரை விளக்கு வரிசையைவிடப் பல மடங்கு பயன் தருபவை.

சேற்றில் சக்கரம் சுழலத் தொடங்கினால், மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு எஞ்சின் சக்தியைத் தானே குறைத்துவிடும். பல வண்டிகளில் அதைத் தற்காலிகமாக அணைக்கும் பொத்தான் உள்ளது. எப்போது அணைக்க வேண்டும், எப்போது மீண்டும் இயக்க வேண்டும் என்பது உரிமையாளர் கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேடு பெரும்பாலோரின் வண்டியில் உறை பிரிக்கப்படாமல் கிடக்கிறது.

அடுத்து அடிப்பகுதியைக் காக்கும் தகடு. எஞ்சின் எண்ணெய்த் தொட்டியில் ஒரு கல் மோதி விரிசல் விட்டால் பயணம் அங்கேயே முடிந்தது. தயாரிப்பாளரே உங்கள் மாடலுக்கு விற்கும் உலோகத் தகடு இருந்தால் அதுவே நல்லது. வெளியில் செய்து பொருத்துவதானால், எஞ்சினின் சூடு வெளியேறவும் எண்ணெய் மாற்றவும் திறப்புகள் உள்ளனவா என்று பாருங்கள்.

உயர்த்துவதால் கிடைப்பதும் இழப்பதும்

சக்கரங்களுக்கு இடையே 2.6 மீட்டரும் தரை இடைவெளி 200 மில்லிமீட்டரும் உள்ள வண்டி, நடுவயிறு தட்டாமல் கடக்கக்கூடிய மேட்டின் கோணம் சுமார் 17.5 பாகை. ஸ்பிரிங்கின்மேல் வட்டுகளைச் செருகி 30 மில்லிமீட்டர் உயர்த்தினால் அது 20 பாகை ஆகும். கிடைப்பது இரண்டரைப் பாகை. இதற்காக இழப்பவை எவை என்று பார்க்க வேண்டும்.

வண்டியின் எடை மையம் மேலே போகிறது. மலைத் திருப்பத்தில் உடல் சாய்வது கூடுகிறது; கவிழும் வாய்ப்பும் கூடுகிறது. குடும்ப எஸ்.யு.வி.க்களில் பெரும்பாலானவை, லாரியைப் போல் தனிச் சட்டத்தின்மேல் உடலை ஏற்றிய கட்டமைப்பு அல்ல. உடலும் சட்டமும் ஒன்றாகிய மோனோகாக் வகை. இவற்றை உயர்த்தினால் முன்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுசெல்லும் தண்டுகளின் கோணம் மாறி, மூட்டுகள் விரைவில் தேயும். சக்கரங்களின் சாய்வு மாறி டயர் ஒருபக்கமாகத் தேயும். முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணை நோக்கும். காமிரா, ரேடார் கொண்டு தானே பிரேக் பிடிக்கும் வசதியுள்ள புதிய வண்டிகளில், அந்தக் கருவிகள் தொழிற்சாலை உயரத்துக்கு அளவு செய்யப்பட்டவை. இவ்வளவுக்கும் மேல், உத்தரவாதக் காலத்தில் சஸ்பென்ஷன் பழுதானால் சேவை மையம் கைவிரிக்க இடம் கொடுத்ததாகும்.

ஜிம்னி, தார் போன்ற வண்டிகள் இதற்கெனவே தனிச் சட்டத்தோடும் மெதுவேகக் கியர்த் தொகுதியோடும் கட்டப்பட்டவை. ஆண்டில் இருபது வார இறுதிகளை உண்மையிலேயே காட்டுப் பாதையில் கழிக்க விரும்புபவருக்கு, குடும்ப வண்டியை அவ்வாறு மாற்ற முயல்வதைவிட அத்தகைய வண்டியைப் பழையதாக வாங்குவது பல சமயம் கணக்குக்கு ஒத்துவரும்.

சட்டத்தின் நிலை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் வேறுபடும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளப் போக்குவரத்துத் துறை தொடர்ந்த மேல்முறையீட்டில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்தது. மாநில விதிகள் எவ்வாறு இருப்பினும் அவை இந்தப் பிரிவை மீற முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம் தண்டனையையும் கூர்மையாக்கியது. 182-ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற சொற்களைக் கவனியுங்கள்.

முன்புற இரும்புத் தடுப்பு குறித்துத் தனியே சொல்ல வேண்டும். 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இத்தகைய தடுப்புகள் 52-ஆம் பிரிவுக்கு முரணானவை என்றும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் மாநிலங்களுக்கு எழுதியது. இதன் பின்னால் தெளிவான காரணம் உள்ளது. மோதலின்போது முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை உள்வாங்க வேண்டும். காற்றுப்பைகள் எப்போது விரிய வேண்டும் என்பதை உணரிகள் அந்த நசுங்கலைக் கொண்டே கணிக்கின்றன. சட்டத்தோடு நேரே இணைத்த இரும்புக் குழாய் அந்தக் கணிப்பைக் குலைக்கும். நடந்து செல்பவர்மேல் மோதினால் விளைவு இன்னும் கொடியது. தடுப்பு பொருத்தியவர் தம் குடும்பத்தைக் காப்பதாகத்தான் எண்ணுகிறார். நடப்பது வேறு.

விளக்குகளுக்கும் இது பொருந்தும். 2024 ஜூலையில், கண்ணைக் கூசச் செய்யும் எல்.இ.டி. விளக்குகளுக்கு எதிராகக் கர்நாடகக் காவல்துறை மாநிலம் முழுவதும் நடவடிக்கை எடுத்தது. தோட்டப் பாதைக்கென்று பொருத்திய விளக்கு வரிசையைச் சில்க் போர்டு சந்திப்பில் எரியவிடுபவர் உங்கள் எதிரே வந்ததுண்டு என்றால், அந்த நடவடிக்கையின் நியாயம் விளங்கும்.

டயர் வகையை மாற்றுவது, அதே அளவைக் காப்பது, கழற்றக்கூடிய கம்ப்ரெசரும் கயிறும் எடுத்துச் செல்வது ஆகியவற்றால் வண்டியின் அடிப்படை அமைப்பு மாறுவதில்லை. மற்ற எதையும் செய்யுமுன், உங்கள் வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், அது ஜெயநகரானாலும் எலக்ட்ரானிக் சிட்டியானாலும், எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். கடைக்காரரின் ‘ஒன்றும் ஆகாது சார்’ என்ற உறுதி எந்த அலுவலகத்திலும் ஏற்கப்படுவதில்லை.

காப்பீடும் கடனும்

கடன் பெற்று வாங்கிய வண்டியின் பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயர் ஹைப்பாத்திகேஷன் குறிப்பாக இருக்கும். கடன் தீரும்வரை அந்த வண்டியே கடனுக்கு ஈடு. ஆகவேதான் கடன் ஒப்பந்தங்களில், வங்கியின் இசைவின்றி வண்டியில் மாற்றம் செய்யக்கூடாது, முழுக் காப்பீடு தொடர வேண்டும் என்ற நிபந்தனைகள் வழக்கமாக இடம்பெறுகின்றன. தவணை கட்டுவதை மட்டும் நினைவில் வைத்து இவற்றை நாம் மறந்துவிடுகிறோம்.

இதன் பொருள் என்ன என்று ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். ஒருவருக்கு வண்டிக் கடனில் இன்னும் 6 லட்சம் ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். மலைச்சரிவில் வண்டி உருண்டு முற்றிலும் சேதமாகிறது. வழக்கமான நிலையில் காப்பீட்டுத் தொகை முதலில் கடனுக்குச் சேரும். மீதி உரிமையாளருக்கு வரும். ஆனால் ஆய்வாளர் வந்து பார்க்கும்போது, அறிவிக்கப்படாத லிஃப்ட் கிட்டும் பெரிய டயரும் இருக்கின்றன. வண்டி உருண்டதற்கு அவையே காரணம் என்று நிறுவனம் வாதிடுகிறது. கோரிக்கை மறுக்கப்பட்டால், அல்லது குறைக்கப்பட்டால், வண்டியும் இல்லை, கடனும் தீரவில்லை. மாதந்தோறும் தவணை மட்டும் தொடரும்.

அறிவித்துவிட்டால் நிலைமை வேறு. பொருத்திய துணைக்கருவிகளை, மின்சாரம் சார்ந்தவை, சாராதவை என்று பிரித்து, ரசீதுகளோடு காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துக் கூடுதல் பிரீமியம் செலுத்தினால் அவற்றுக்கும் பாதுகாப்பு கிடைக்கும். தெரிவிக்காதவற்றின் மதிப்பு, பாலிசியில் காணும் வண்டியின் அறிவிக்கப்பட்ட மதிப்பில் சேராது. அந்த மதிப்பும் ஆண்டுதோறும் இறங்குவது. வழக்கமான அட்டவணையில், நான்கு ஆண்டு கடந்து ஐந்தாம் ஆண்டில் தேய்மானம் 50 விழுக்காடு.

பாலிசியின் நுண்ணிய எழுத்துகளில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள். டயருக்கு மட்டும் ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடு இல்லை. வண்டியும் உடன் சேதமடைந்தால் மட்டுமே, அதுவும் மாற்றுச் செலவில் 50 விழுக்காடு. தேய்மானமும் இயந்திரப் பழுதும் விலக்கப்பட்டவை. சேற்றில் உழன்று எரிந்த கிளட்ச் உங்கள் செலவே. ஒழுங்குபடுத்தப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை ஆகியவற்றில் வண்டியைப் பயன்படுத்தினால் பாலிசி பொருந்தாது. தோட்டப் பாதையில் தங்குமில்லத்துக்குச் செல்வது பந்தயம் அன்று. நுழைவுக் கட்டணம் கட்டி, நேரம் குறித்து நடத்தப்படும் மண் பாதைப் போட்டியில் இறங்குமுன் காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

தண்ணீருக்கும் ஒரு விதி உண்டு. 2022 செப்டம்பர் மழையில் வெளிவட்டச் சாலைப் பகுதி மூழ்கி, அலுவலகம் செல்வோர் டிராக்டரில் சென்றதை நகரம் மறந்திருக்காது. நீரில் நின்றுபோன எஞ்சினை மீண்டும் ஸ்டார்ட் செய்தால், சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்க மறுத்து, இணைப்புத் தண்டை வளைத்துவிடும். இவ்வகை எஞ்சின் சேதம் சாதாரணப் பாலிசியில் பெரும்பாலும் அடங்காது. எஞ்சின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை வேண்டும். ஓடையைக் கடக்கும் ஆர்வமுள்ளவர்கள் அதை வாங்கியபின் கடக்கலாம். மஹிந்திரா தாருக்குத் தயாரிப்பாளர் குறிப்பிடும் நீர் ஆழம் 650 மில்லிமீட்டர். உங்கள் குடும்ப வண்டிக்கு அப்படி ஓர் எண் கையேட்டில் இல்லையென்றால், ஓடையின் இக்கரையிலேயே நிற்பது மேல். முகப்பின் ஓரமாக உயரும் மூச்சுக்குழாய் காற்றின் பாதையை மட்டுமே உயர்த்துகிறது. கேபினுக்கு அடியிலுள்ள மின்னிணைப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இனி, இரண்டு லட்சம் ரூபாய்க் கடன். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுத் தனிநபர் கடன் என்று வைத்தால், மாதத் தவணை சுமார் 6,640 ரூபாய்; மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 2,39,000. வண்டியை விற்கும்போது அந்த மாற்றங்களுக்கு வாங்குபவர் விலை கொடுப்பது அரிது. ‘இந்த வண்டி காட்டில் அடிபட்டது’ என்று சொல்லி விலையைக் குறைப்பதே வழக்கம். கடன் தருவது எங்கள் தொழில்தான். ஆயினும் டயர், கம்ப்ரெசர், கயிறு ஆகியவற்றோடு நிறுத்தினால் கடனே தேவைப்படாது என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

கயிறும் துணை வண்டியும்

மீட்புக் கருவிகளில் கவனம் தேவை. இவற்றால் உயிரே போகலாம். பம்பரில் திருகிச் செருகும் இழுப்புக் கொக்கி, சமதளத்தில் பழுதான வண்டியை மெல்ல இழுத்துச் செல்வதற்கானது. சேற்றில் புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுத்தால் அது முறிந்து தோட்டாவைப் போல் பறக்கும். சுமைத்திறன் முத்திரையிட்ட ஷாக்கிளும், நீண்டு சுருங்கும் தன்மையுள்ள மீட்புக் கயிறும், கயிற்றின்மேல் போட ஒரு கனமான சாக்கோ போர்வையோ வைத்திருங்கள். இழுக்கும்போது கயிற்றின் நீளத்தைவிடத் தூரத்தில் அனைவரும் நிற்க வேண்டும். குழந்தைகள் இன்னும் அப்பால். ஒரு மண்வெட்டியும், சக்கரத்தடியில் இடும் பற்களுள்ள பலகை இரண்டும் இருந்தால், பல சமயம் இழுக்கவே தேவையிராது. தனி வண்டியாகச் செல்லாமல் இரண்டு குடும்பங்களாகச் சேர்ந்து செல்வது எந்த வின்ச்சையும்விட நம்பகமானது.

பாதையைத் தேர்வதிலும் எல்லை உண்டு. சரணாலயங்களுக்குள் நுழைவதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வண்டி தயாராகிவிட்டது என்பதால் காடு திறந்துவிடுவதில்லை. மடிகேரிக்கு அருகிலுள்ள மாந்தல்பட்டிக்கு உள்ளூர் ஜீப்பில் ஏறிச் செல்வதில் குறைவொன்றும் இல்லை. அந்தப் பாதையின் ஒவ்வொரு கல்லும் அந்த ஓட்டுநர்களுக்குத் தெரியும். வழி தெரியாமல் புல்வெளியில் ஏறித் தடம் பதிப்பவரைவிட அவர்களோடு செல்பவரே ஊருக்கும் மலைக்கும் நல்ல விருந்தாளி.

திரும்பும் வழியில், தார்ச்சாலை தொடங்கும் இடத்திலேயே நிறுத்தி நான்கு டயர்களுக்கும் காற்றடியுங்கள். குறைந்த காற்றோடு நெடுஞ்சாலை வேகத்தில் ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். சக்கரத்தின் உட்புறத்தில் ஒட்டிய மண் காய்ந்தால் ஸ்டியரிங் நடுங்கும். அதைக் குழாய் நீரால் அடித்துக் கழுவுங்கள். பிரேக்கை இரண்டு மூன்று முறை மெல்ல மிதித்து ஈரத்தை உலரச் செய்யுங்கள். அடித்தகட்டின் திருகுகளையும் ஒரு முறை பாருங்கள். திங்கட்கிழமை காலையில் அதே வண்டிதான் பள்ளி வாசலில் நிற்கப் போகிறது.